முறுக்கு இப்போது வெளியே போவதில்லை

எங்கள் வீட்டுப் பூனை முறுக்கு 14 மாதங்களாக வாசற்படியைத் தாண்டவில்லை. இதை யாரிடமாவது சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வருகிறது, அடுத்து, "பாவம், வாயில்லா ஜீவனை இப்படியா அடைத்து வைப்பது?" என்ற கேள்வி வருகிறது. என் அம்மாவே வாரத்துக்கு ஒருமுறையாவது அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே பதிலைத் துண்டு துண்டாகப் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, உட்கார்ந்து ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மலேசியாவின் பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலின் மணியோசை காதில் விழும் தொலைவில், மலையடிவாரத்தை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். பின்சந்தைத் தாண்டினால் பெரிய வடிகால், வடிகாலுக்கு அந்தப் பக்கம் புதர், புதருக்கு மேலே காடு. 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பினாங்கு மலையையும் அந்தப் பூங்காவையும் வடமேற்கு மூலையில் உள்ள தேசியப் பூங்காவையும் சேர்த்து, 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்த நாளில் நானும் பெருமையோடு நாலு பேருக்கு அனுப்பி வைத்தேன். அந்தக் காப்பகத்தின் விளிம்பில் தினமும் காலையும் மாலையும் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிராணிக்கு என் கையால்தான் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முறுக்கு ஒரு கம்பத்துப் பூனை, அதாவது சாதாரண நாட்டுப் பூனை. சந்தையில் மீன் கடைக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு இடையில், உள்ளங்கை அளவில் கிடந்தது. வாலின் நுனி முடிச்சுப் போட்டது போல் வளைந்திருந்ததால் என் மகன் வைத்த பெயர்தான் முறுக்கு. அடிபட்டு ஒடிந்த வால் என்றே முதலில் நினைத்தோம். அது பிறவியிலேயே அப்படி என்று பின்னர்தான் தெரிந்தது. மலாய்த் தீவுக்கூட்டப் பகுதிப் பூனைகளின் குட்டை வாலையும் அதன் நுனியில் இருக்கும் கணுவையும் டார்வினே குறிப்பிட்டு எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது, எங்கள் மீன் கடைப் பூனைக்கு வீட்டில் மதிப்பு சற்றுக் கூடிவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூலை வீட்டு மாமரத்தில், கிளை முறிந்த இடத்தில் விழுந்திருந்த பொந்தில், ஒரு குண்டுகரிச்சான் சோடி கூடு கட்டியிருந்தது. இங்கே எல்லாரும் மூராய் என்று சொல்லும் பறவைதான்: கறுப்பு உடல், வெள்ளை வயிறு, தூக்கி நிறுத்திய வால், விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் பாட்டு. இரண்டு வாரங்களாக அந்தச் சோடி புழுவும் பூச்சியுமாகப் பொந்துக்குக் கொண்டு போவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தேநீர் ஆற்றுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அன்று பெரிய குஞ்சு ஒன்று பொந்தை விட்டு இறங்கி, எங்கள் பின்கட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்திருந்தது. கூட்டை விட்டு இறங்கும் குஞ்சுகள் முதல் சில நாட்களுக்குச் சரியாகப் பறக்காது. தத்தித் தத்தித் தாழ்வான இடங்களிலேயே திரியும். நான் கைப்பேசியை எடுத்து வரப் போனேன். திரும்பி வந்தபோது சுவர் காலியாக இருந்தது.

முறுக்கு கிரில் கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்து, கால்மிதியின் மேல் குஞ்சை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. குஞ்சுக்கு உயிர் இருந்தது. மார்பில் பழுப்புப் புள்ளிகள், வாயோரத்தில் இன்னும் மாறாத மஞ்சள், முளைத்தும் முளைக்காத வால். கையில் எடுத்துப் பார்த்தேன். பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. இறக்கைக்கு அடியில் மட்டும் கடுகளவு இரத்தம். பிழைத்துவிடும் என்று நம்பி, சப்பாத்துப் பெட்டியில் பழைய துண்டை விரித்து, இருட்டான அறையில் வைத்தேன். மத்தியானத்துக்குள் அது விறைத்துவிட்டது. பூனையின் வாயிலும் பல்லிலும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கும் என்பதையும், ஊசி குத்தியது போன்ற சிறு காயம் பட்டாலும் பறவைக்கு இரத்தத்தில் நஞ்சேறிவிடும் என்பதையும் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தாய்ப் பறவையும் தந்தைப் பறவையும் அன்று சாயங்காலம் வரை துணி காயும் கம்பியில் மாறி மாறி உட்கார்ந்து, பாட்டை விட்டுவிட்டு, கரகரவென்று ஓர் ஓசையை மட்டும் எழுப்பிக்கொண்டே இருந்தன.

அன்று இரவு என் கணவரும் நானும் உட்கார்ந்து, முறுக்கு நான்கு ஆண்டுகளில் வீட்டுக்குள் கொண்டு வந்தவற்றை நினைவிலிருந்து எண்ணிப் பார்த்தோம். தையல்சிட்டு இரண்டு, தேன்சிட்டு ஒன்று, மெர்போக் புறாக் குஞ்சு ஒன்று, வாலை இழந்த பச்சை ஓணான்கள் பல, ஒருமுறை மடித்த விசிறி போல் விலாப் பக்கத்தில் தோல் ஒட்டியிருந்த பறக்கும் ஓணான், ஒரு மர அணில் குட்டி. எலி? மூன்று, அவையும் சுண்டெலிகள். நாங்கள் பார்த்தது இவ்வளவுதான். பூனைகளின் கழுத்தில் சிறிய கேமராவைக் கட்டி அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, பிடித்தவற்றில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் அவை வீட்டுக்குக் கொண்டு வந்தன என்று தெரிந்தது. ஏறக்குறைய பாதியைக் கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தன. அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கும் பொருந்துமென்றால், நாங்கள் விரல் விட்டு எண்ணியதை நான்கால் பெருக்க வேண்டியிருக்கும். நான் பெருக்கவில்லை, தூக்கம் வராமல் போயிருக்கும்.

முதலில் சுலபமான வழியைத்தான் தேடினேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் 6 ரிங்கிட் கொடுத்துச் சிவப்புப் பட்டையில் கோத்த மணி ஒன்றை வாங்கிக் கட்டியே விட்டேன். இரண்டு வாரத்துக்குள் மணி ஒலிக்காமல் நடக்க முறுக்கு பழகிக்கொண்டது. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகம் 300க்கும் மேற்பட்ட வீட்டுப் பூனைகளை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்விலும் மணியால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. அதே ஆய்வில், தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவைக் கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டு வந்த இரை 36 சதவீதமும், நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் வரை அவற்றோடு விளையாடியபோது 25 சதவீதமும் குறைந்தன. பளிச்சென்ற வண்ணத் துணிப் பட்டை கட்டியபோது பறவைகள் பிடிபடுவது 42 சதவீதம் குறைந்தது. எலிகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஏனெனில் பறவைக்கு நிறம் கண்ணில் படுகிறது, எலிக்குப் படுவதில்லை. இவையெல்லாம் நல்ல செய்திகள்தாம். ஆனாலும் 42 சதவீதம் குறைந்தால் மீதி 58 சதவீதம் இருக்கிறது. எங்கள் மாமரத்துப் பொந்தில் அடுத்த முறை பொரியும் குஞ்சு அந்த 58இல் சேராது என்று யார் சொல்வது?

அம்மாவின் வாதம் வேறு. அவர் கெடாவில் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். "தோட்டத்துல யாரும்மா பூனைய ரூம்புல போட்டுப் பூட்டுனா? எலி புடிக்கத்தானே பூன?" என்று கேட்பார். லயத்தில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பூனை படுத்திருந்தால் எலி வராது என்பது அவருடைய அனுபவம். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நகரத்து வடிகாலில் திரியும் பெருச்சாளி வேறு இனம். அதன் எடைக்கும் பல்லுக்கும் முன்னால் பூனை தயங்குகிறது. நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் எலிகள் மலிந்த குப்பை மறுசுழற்சி நிலையம் ஒன்றில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்தபோது, அங்கே திரிந்த பூனைகள் கொன்ற எலிகள் மொத்தம் இரண்டே இரண்டு என்று 2018இல் வெளியிட்டார்கள். எங்கள் பின்சந்தில் பூனைகளும் பெருச்சாளிகளும் ஒரே குப்பைத்தொட்டியில் ஆளுக்கொரு பக்கம் சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். எலிக்கு உண்மையான வேட்டைக்காரன் யார் என்று கேட்டால், அம்மாவின் தம்பி வேலை செய்த செம்பனைத் தோட்டம் பதில் சொல்லும்: அங்கே கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி அடித்து வைத்துக் கூகைகளைக் குடியேற்றியிருந்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "கூக கத்துனா வீட்டுக்கு ஆகாது" என்று பேச்சை முடித்துவிட்டார்.

பசிக்காக அல்லவா வேட்டையாடுகிறது, வயிறு நிறையப் பிஸ்கட் போட்டால் அடங்கிவிடாதா என்று, நாங்கள் மாக் சிக், அதாவது அத்தை, என்று அழைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அடங்காது. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. அசைகிற சிறு உருவம் கண்ணில் பட்டதும் உடல் பதுங்கிவிடும். சொல்லப்போனால் நாம் போடும் சோறுதான் விவகாரத்தின் மையம். காட்டில் மலைப்பாம்போ மரநாயோ இரையை அதிகமாகத் தின்றுவிட்டால், அடுத்த பருவத்தில் இரை குறையும். இரை குறைந்தால் தின்பவையும் குறையும். அதற்குள் சிட்டுகளும் ஓணான்களும் மூச்சு வாங்கிக்கொள்ளும். வீட்டுப் பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளியே ஒரு குருவிகூட மிச்சமில்லாமல் போனாலும், மாலை 6 மணிக்கு அதன் தட்டில் பிஸ்கட் விழுந்துவிடும். காட்டுப் பிராணி எதற்கும் கிடைக்காத ஓய்வூதியம் அது. அதனால்தான் ஒரு சதுர மைல் காட்டில் இருக்கக்கூடிய சிறு ஊனுண்ணிகளைவிடப் பல மடங்கு அதிகமான பூனைகள் எங்கள் ஒரே தாமான் குடியிருப்பில் இருக்க முடிகிறது.

இந்தப் பெருக்கம் மற்ற நாடுகளில் எங்கே கொண்டு போய் விட்டது என்பது எழுதப்பட்ட வரலாறு. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் இயங்கத் தொடங்கியது. அதன் ஊழியர்களோடு பூனைகளும் வந்தன. பறக்கத் தெரியாத சிறு குருவி இனம் ஒன்று சில ஆண்டுகளுக்குள் உலகத்திலிருந்தே இல்லாமல் போனது. கலங்கரைக் காவலரின் ஒரே பூனைதான் அந்த இனத்தை முடித்தது என்று கதை சொல்வார்கள். உண்மையில் தீவில் குட்டி போட்டுப் பெருகிய பூனைகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. உலகம் முழுவதிலும் 63 முதுகெலும்பு உயிரினங்கள் அழிந்ததில் பூனைக்குப் பங்குண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் பூனைகளால் சாகின்றன என்பது 2013இல் வெளிவந்த மதிப்பீடு. அதில் பெரும்பங்கு வீடற்ற பூனைகளுடையது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் தலைநகர் கன்பராவிலோ, 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை உரிமையாளர் தம் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

நம் ஊர் நியூசிலாந்து அல்ல. இங்குள்ள பறவைகளுக்குப் பாம்பும் மரநாயும் காட்டுப் பூனையும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். குண்டுகரிச்சானுக்குப் பூனையைவிடப் பெரிய எதிரி மனிதன்தான்; பாட்டுக்காகக் கூண்டில் அடைத்து விற்பதற்கென்று அவற்றை ஆயிரக்கணக்கில் பிடித்துக் கடத்துகிறார்கள், அடுக்குமாடி கட்டுவதற்கு மரங்களையும் வெட்டுகிறார்கள். இதையெல்லாம் நான் அறியாதவள் அல்ல. ஆனால் கடத்தல்காரரை என்னால் கதவைச் சாத்தி நிறுத்த முடியாது. முறுக்கை நிறுத்த முடியும்.

கதவைச் சாத்திய முதல் வாரத்தில்தான், அதை அதுவரை நான் ஏன் சாத்தவில்லை என்பது எனக்கே விளங்கியது. முறுக்கின் சுதந்திரம் என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்னுடைய சோம்பல். பூனை வெளியே போனால் அதன் மலம் மூலை வீட்டுக்காரரின் பூந்தொட்டியில். வீட்டில் இருந்தால் என் தலையில். வெளியே போனால் அதற்குப் பொழுது தானாகக் கழியும். வீட்டில் இருந்தால் வேலை முடிந்து களைத்து வரும் நான்தான் குச்சியின் நுனியில் இறகைக் கட்டி ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான்கு ஆண்டுகள் மூலை வீட்டுக்காரர் ஒரு வார்த்தை முகம் கோணாமல் தொட்டி மண்ணை மாற்றிக்கொண்டிருந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முதல் ஒன்பது இரவுகள் கொடுமை. விடியற்காலை நான்கரைக்குத் தொடங்கும் கத்தல் ஆறு மணி வரை நீளும். கிரில் கதவைப் பல்லால் கடித்தது. மகனின் பள்ளிப் பையில் சிறுநீர் கழித்தது. விட்டுக் கொடுத்து ஒரே ஒருநாள் கதவைத் திறந்திருந்தால், எவ்வளவு நேரம் கத்தினால் கதவு திறக்கும் என்பதை அது மறக்காமல் கற்றுக்கொண்டிருக்கும். அது விளையாடும், சாப்பிடும் நேரத்தை மாற்றியமைத்துத்தான் சமாளித்தோம். பூனை அந்தியிலும் விடியலிலும் துடிப்பாக இருக்கும் பிராணி என்பதால், இரவு பத்தரைக்குப் பத்து நிமிடம் ஓட வைத்து விளையாடிவிட்டு, அதன் பிறகே இரவுச் சாப்பாட்டை வைத்தோம். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதன் உடலுக்குத் தெரிந்த வரிசை. அதை நாம் வீட்டுக்குள் நடத்திக் காட்டினால் போதும். மூன்றாவது வாரத்தில் நான்கரை ஐந்தரையானது.

கிரிலின் இடுக்குகளை அடைக்க ஹார்ட்வேர் கடையில் துருப்பிடிக்காத கம்பி வலை வாங்கி, கேபிள் டை போட்டுக் கட்டினோம். முதலில் நான்கடி உயரத்துக்குக் கட்டினோம். முறுக்கு வலையையே ஏணியாக்கி ஏறி மேல் இடுக்கு வழியாகப் போய்விட்டது. பிறகு உச்சி வரை கட்டி, கூரை போட்ட பின்கட்டு முழுவதையும் வலைக்குள் கொண்டு வந்தோம். எல்லாம் சேர்த்து 180 ரிங்கிட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் ஆயின. சலவை இயந்திரத்துக்கு மேலே ஒரு பலகை, அதற்கு மேலே இன்னொரு பலகை. பூனைக்குத் தரைப் பரப்பைவிட உயரம்தான் முக்கியம். மணல் தட்டு ஒன்று போதும் என்று நினைத்தது தவறு; மாடியில் ஒன்றும் கீழே ஒன்றும் வைத்த பிறகுதான் பள்ளிப் பைக்கு விமோசனம் கிடைத்தது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வலையைப் பறவைக்காக இல்லாவிட்டாலும் பூனைக்காகவே போட வேண்டும். பல்லியைத் துரத்திக்கொண்டு ஜன்னல் வழியே பாய்ந்து, எத்தனையோ மாடிக்குக் கீழே விழும் பூனைகள் எல்லா ஊர் மருத்துவர்களுக்கும் பழக்கமானவை.

மாக் சிக் ஆரம்பத்தில் "காசியான், காசியான்" (பாவம், பாவம்) என்று வேலியோரம் நின்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய ஆண் பூனையின் மூக்கில் ஒரு புண் வந்தது. சண்டைக் காயம் என்று மஞ்சள் பூசினார், ஆறவில்லை, முகம் முழுவதும் பரவியபோது மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். ஸ்போரோட்ரிகோசிஸ் என்னும் பூஞ்சை நோய். மண்ணிலும் அழுகும் இலைதழைகளிலும் வாழும் அந்தப் பூஞ்சை, சண்டையிடும் பூனைகளின் நகத்திலும் கடியிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது; மலேசியாவில் பூனை பிறாண்டுவதால் மனிதருக்கும் தொற்றிக்கொள்கிறது. மாக் சிக்கின் முன்கையிலேயே வரிசையாக மூன்று கட்டிகள் எழும்பின. பூனைக்கும் அவருக்குமாக மாதக்கணக்கில் இட்ராகொனசோல் மாத்திரை. இப்போது அவர் உச்சுக் கொட்டுவதில்லை. வலை எந்தக் கடையில் வாங்கினோம் என்று கேட்டார்.

முறுக்கு சற்றுக் குண்டாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டை அளந்து போடத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு காலையிலும் பின்கட்டின் மேல் பலகையில் உட்கார்ந்து, மாமரத்தைப் பார்த்துக்கொண்டே தாடையை நடுக்கிக் 'கெகெகெ' என்று ஒரு விசித்திரமான ஓசை எழுப்பும். குண்டுகரிச்சான் இப்போது வலைக்கு ஒரு முழம் தள்ளி, துணிக் கம்பியிலேயே உட்கார்ந்து பாடுகிறது. வேண்டுமென்றே செய்வதாக அம்மா சொல்கிறார்.

தீராத பாக்கி ஒன்று இருக்கிறது. பின்சந்தில் யாருக்கும் சொந்தமில்லாத பூனைகள் ஐந்து. முறுக்கை உள்ளே வைத்துவிட்டு அவற்றுக்குச் சோறு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், நான் மேலே எழுதியதெல்லாம் வெறும் பேச்சு. பெண் பூனை பிறந்து நான்கைந்து மாதத்திலேயே சினையாகக்கூடியது. சினைக்காலமும் ஒன்பது வாரம்தான். மாக் சிக்கும் நானும் பாதிப் பாதிச் செலவு போட்டு, கூண்டு வைத்துப் பிடித்து, மூன்றுக்குக் கருத்தடை செய்து, இரண்டைக் காது நுனியில் அடையாள வெட்டுடன் திரும்ப விட்டிருக்கிறோம். மூன்றாவதை மூலை வீட்டுக்காரர், யாரிடம் பூந்தொட்டிக்காக நான் மன்னிப்புக் கேட்கப் போனேனோ அவரேதான், வீட்டுக்குள் வைத்து வளர்ப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார். நான்காவது ஒரு கிழட்டு ஆண், அவசரமில்லை. ஐந்தாவது, பாதி வாலுள்ள சாம்பல் நிறப் பெண், கூண்டுக்குள் தலையை மட்டும் நீட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. டின் மீனுக்கும் பொரித்த கோழிக்கும் மசியவில்லை. இன்று சந்தையிலிருந்து கெம்போங் மீன் வாங்கி வந்து சுட்டு வைத்திருக்கிறேன். இருட்டியதும் கூண்டை வடிகால் ஓரத்தில் வைக்க வேண்டும்.